எப்சிபாள் அடுக்களையில் கோயில் வாசல்

எங்கள் பெனியேல்விளையில் வேதக்கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் எப்சிபாளின் அடுக்களை வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது, வெளியூர்க்காரர்கள் யாராவது இதைக் கேட்டு வாயைப் பிளந்தால் எங்களுக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் ஒரு கோயில் தன் வாசலை எங்கே வைத்துக்கொள்கிறது என்பது அந்தக் கோயிலின் சொந்த விஷயம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள்ளேயே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அன்று காலை கோயில்பிள்ளை மாசிலாமணி, அதாவது கோயிலைத் திறந்து பெருக்கி மணி அடிக்கிறவர், சாவிக் கொத்தோடு போனபோது தேக்குக் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, சும்மா சுவர் இல்லை, பழைய சுண்ணாம்பும் போன ஐப்பசி மழை வழிந்த கறையுமாக, இங்கே எந்தக் காலத்திலும் வாசல் இருந்ததில்லை என்று சத்தியம் செய்கிற சுவர். பக்க வாசலையும் காணோம். கம்பி போட்ட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், பெஞ்சுகளும் பீடமும் பூச்சாடியும் அதனதன் இடத்தில் இருந்தன. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கையில் தெற்குத் தெருவிலிருந்து எப்சிபாளின் மகள் ரூபி வேகமாக வந்தாள்.

“மாமா, கோயில் கதவு எங்க அடுக்களையில வந்து நிக்கி. பால் அடுப்புல இருக்கதால அம்மாவால வர முடியல. அரிசி டிரம்ம நவுத்தி வச்சிட்டாவ, சாவியக் கொண்டாரச் சொன்னாவ.”

மாசிலாமணி போய்ப் பார்த்தார். அம்மிக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில், கரி படிந்த மேற்குச் சுவரில், கோயில் கதவு பித்தளைக் குமிழ்களோடு நின்றது. சாவி பொருந்தியது. திறந்தால், கால் மைல் தள்ளி இருக்கிற கோயிலின் நடுப்பாதை அவர் காலடியில் தொடங்கிப் பீடம்வரை நீளமாகக் கிடந்தது. கதவைத் திறக்கும்போது அம்மியில் இடிக்கிறதே என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலையாக இருந்தது, அம்மியை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டு மணி அடிக்கப் போனார்.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. ஊரிலேயே கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாத ஒரே ஆள் எப்சிபாள்தான்.

அவள் சபை விலக்கில் இருந்தாள். காரணம் ஆட்டுக்கறி. எங்கள் ஊருக்கும் சுடலைமாடன் கோயிலுக்கும் நடுவில் ஒரு பனங்காடுதான் இருக்கிறது, கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் அங்கே வேகிற கிடாக்கறியின் வாசனைக்கு வேதக்காரன், மாற்று மதத்தான் என்ற பேதமெல்லாம் தெரியாது, அது எங்கள் ஜெபக்கூட்டத்துக்குள்ளும் வந்து உட்காரும், பிறகு பின்வாசல் வழியாக ஒரு தூக்குவாளி வரும், கதவைச் சாத்திக்கொண்டு ஊரே தின்னும். படைத்ததைத் தின்னக் கூடாது என்பது சபையின் விதி, தின்பது சபையாரின் வழக்கம், இரண்டும் பல காலமாக ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்துவந்தன. ஒரு வருஷம் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வெறிபிடித்ததுபோலப் பேசி, தின்றவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார். நாங்கள் எல்லோரும் கூரையில் எத்தனை உத்திரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எப்சிபாள் எழுந்து நின்றாள்.

“நான் தின்னேன்யா. உப்பளத்துல வேலை முடிச்சு வந்தேன், பசிச்சுது, பூசாரி அண்ணாச்சி இலையில வச்சுக் குடுத்தாவ. நல்லா இருந்துச்சு.”

கடைசி இரண்டு வார்த்தைகள்தான் அவளைக் கெடுத்தன. தின்றதற்கு ஒரு அபராதத்தோடு விட்டிருப்பார்கள், நல்லா இருந்ததற்கு விதியில் அபராதமே இல்லை.

விதி என்றால் எங்கள் ஊரில் ஞானசிகாமணி அண்ணாச்சி. கருப்பட்டி மண்டி வைத்திருந்தார், கமிட்டிச் செயலாளர், உபதேசியார் மகன், சபையின் விதிகள் அத்தனையும் அவர் வாயில் மனப்பாடம். இப்படிச் சொன்னவுடன் அவர் ரகசியமாகத் தூக்குவாளி வாங்கியவர் என்று நினைத்தால் அது தப்பு. ஊரில் அந்தக் கறியை நாக்கில் வைத்தே பார்க்காத ஒரே மனுஷன் அவர்தான், சின்ன வயதில் மற்ற பயல்கள் எலும்பை உறிஞ்சிக்கொண்டு திரிந்தபோதும் மூக்கைப் பொத்திக்கொண்டு வசனம் படித்தவர். அந்த மனுஷனை எங்களால் வெறுக்கவும் முடியவில்லை, அவரோடு ஒரு வேளை சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிடவும் முடியவில்லை.

அவர் அவளுக்கு வழி சொல்லத்தான் செய்தார். சபைக்கு முன்னால் நின்று, பாவம் செய்தேன், அதற்காக வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் போதும், விலக்கில் இல்லாத சபையார் வந்து கைபிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள்.

“பாவம்னு சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லுதேன்,” என்றாள் எப்சிபாள். “வருத்தப்படுதேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதிய. வருத்தம் வரலியே. கோயில்ல நின்னு பொய் சொல்லவா?”

“வருத்தம் வந்தபிறகு வா.”

“வந்தா வாரேன்.”

இப்படி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ரூபிக்கு உடன்குடிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்து, வைகாசிக் கடைசியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. எப்சிபாளின் புருஷன் செத்துப் பல வருஷம் ஆயிற்று, பெண்ணைக் கொடுக்கிறது யார் என்று போதகர் கேட்கும்போது நான் என்று சொல்ல அந்த வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முன் பெஞ்சில் உட்கார வேண்டும், மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கர்த்தர் கதவைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தாரோ என்று முதல் நாள் அவளுக்கே ஒரு நப்பாசை இருந்தது. ஆனால் வாசல்படிக்கு இந்தப் பக்கம் அடுக்களை, அந்தப் பக்கம் கோயில், விலக்கு விலக்குதான் என்று ஞானசிகாமணி அன்றே சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு நாங்கள் எல்லோரும் வேதபுத்தகமும் கையுமாக, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்பைச் சுற்றி வரிசையில் போனோம். எப்சிபாள் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை எங்களோடு உள்ளே வந்து, பாட்டு, ஜெபம், வேதபாடம் எல்லாவற்றிலும் கலந்துகொண்டது, சின்னப் பையன்போல இருக்கும் எங்கள் ஜோதிராஜ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்) வனாந்தரத்தில் விழுந்த மன்னாவைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்து, மூன்று தரம் எச்சில் விழுங்கி, பாதியிலேயே ஆமென் சொல்லிவிட்டார். இப்படி ஒரு நல்ல பிரசங்கம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எல்லோரும் பேசிக்கொண்டே கலைந்தோம்.

பிறகு கமிட்டி கூடியது. விலக்கில் இருப்பவரோடு புழங்கக் கூடாது, ஆனால் கோயிலுக்குப் போகாமலும் இருக்கக் கூடாது, இரண்டும் விதி. ஞானசிகாமணி கண்ணை மூடி யோசித்து விதிக்குள் விதியாகப் பிரித்துப் போட்டார்: அடுக்களை வழியாக நடக்கலாம், நிற்கக் கூடாது, சட்டிக்குள் பார்க்கக் கூடாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது, அந்த அடுப்பில் வெந்ததை யார் சாப்பிட்டாலும் சாப்பிட்ட நொடியே அவரும் விலக்கு, ரூபிகூட முற்றத்தில் தனி அடுப்பு வைத்துத்தான் பொங்கித் தின்ன வேண்டும். எல்லாம் சரி, அவள் வாங்க என்று கேட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். வீட்டுக்காரி வாங்க என்றதும் பதில் சொல்லாமல் போவதைவிட மனுஷனைக் கொன்றுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. ஆகவே பதில் சொல்லலாம், ஆனால் அவளைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் எப்சிபாள் அடுப்படியிலிருந்து வாங்க வாங்க என்பாள், நாங்கள் அரிசி டிரம்மைப் பார்த்து, வந்துட்டேம்மா, நல்லா இருக்கியா, ரூபிக்குத் துணி எடுத்தாச்சா என்று விசாரித்துவிட்டுப் போவோம். அந்த டிரம்மோடு இவ்வளவு உறவு கொண்டாடியதை எண்ணி இப்போதும் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

கோயில் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்துவிட்டால் என்ன என்றும் பார்த்தார்கள். கொத்தனார் செல்லையா மேற்குச் சுவரில் உளியை வைத்து ஒரு பகல் முழுக்கத் தட்டி, தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தார், அவர் தலை எப்சிபாளின் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் முளைத்தது.

“செல்லையா, வந்ததுதான் வந்த, உப்பு பாத்துச் சொல்லிட்டுப் போ,” என்றாள் அவள்.

“திங்கக் கூடாதுன்னு விதி இருக்குல்லா மைனி. மோந்து பாத்தே சொல்லிருதேன்.” மோந்தார். “புளி கொஞ்சம் தூக்கல்.”

மோந்து பார்ப்பது சாப்பிடுவதில் சேர்த்தியா என்று கமிட்டி அடுத்த வாரம் முழுக்க விவாதித்தது. சேர்த்தி என்றால் முதல் ஞாயிற்றிலிருந்தே சபை மொத்தமும் விலக்கு என்றாகிவிடும், அதனால் சேர்த்தி இல்லை என்று முடிவாயிற்று. ஓட்டையை எப்சிபாள் புகை போக வைத்துக்கொண்டாள்.

இதற்குள் சபை இரண்டாகப் பிரிந்து நடுப்பாதைக்கு இரண்டு பக்கமும் உட்கார ஆரம்பித்திருந்தது. வாசலையே அவள் வீட்டில் வைத்த பிறகு விலக்கு என்ன விலக்கு, இது முழுக்க முழுக்கக் கிருபை என்றது ஒரு பக்கம். கதவைத் தினமும் பார்த்துப் பார்த்து மனந்திரும்பட்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறது, நியாயப்பிரமாணம் அசையாது என்றது மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே அப்போஸ்தலரைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள், அவரும் இரண்டு பக்கத்துக்கும் போதுமான அளவு எழுதி வைத்திருந்தார். ஜோதிராஜ் ஐயர் ஒரு வாரம் பிரமாணத்தைப் பற்றியும் மறுவாரம் கிருபையைப் பற்றியும் பேசி, இரண்டு பக்கத்திலும் மாறி மாறிக் கோழிக்குழம்பு சாப்பிட்டு வந்தார். எப்சிபாளைப் பற்றி யாராவது நேராகக் கேட்டால், கமிட்டி பார்த்துச் சொல்லட்டும் என்பார்.

பொறாமை எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் ஊரில் பாதி வீட்டு அடுக்களையில் மேற்குச் சுவரைக் காலி பண்ணி வெள்ளையடித்திருந்தார்கள். ஞானசிகாமணியின் வீட்டம்மாள் சுவருக்கு வெள்ளையடித்ததோடு, கதவு வந்தால் தொங்கவிட ஒரு தோரணமும் வாங்கி வைத்திருந்தார். வராத கதவுக்காகக் காத்திருந்து அலுத்தபோது யாரோ ஒருவர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். வாசல் யாரிடம் போயிற்று? கறி தின்றவளிடம். அப்படியானால் வாசல் வர என்ன செய்ய வேண்டும்?

அந்த வருஷச் சித்திரைக் கொடைக்கு எங்கள் ஊரே பனங்காட்டைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றது. தூக்குவாளி இல்லை, ஒளிவுமறைவு இல்லை, வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாகப் போய், பந்தியில் உட்கார்ந்து, சத்தமாக ஜெபம் பண்ணிவிட்டுத் தின்றோம். மாடன் கோயில்காரர்களுக்குக் கறி பற்றாமல் போய், பூசாரி சுடலையாண்டி நேராக ஐயரிடம் வந்துவிட்டார்.

“ஐயா, ஒங்க ஆளுவளக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க. எங்க சாமிக்கே ஒரு துண்டு மிஞ்சல.”

வாசல் ஒருவருக்கும் வரவில்லை. வயிற்றுப்போக்குதான் வந்தது. ஞானசிகாமணி மட்டும் அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, மறுநாள் கமிட்டியில் எல்லோரையும் விலக்க வேண்டும் என்று ஒற்றை ஆளாக வாதாடினார், மற்றவர்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தோற்கடித்தார்கள். கர்த்தருடைய வாசலை வாஞ்சித்து ஆவிக்குரிய நோக்கத்தோடு தின்றதால் இது மீறுதல் ஆகாது என்று தீர்மானம் நிறைவேறியது. பசிக்காகத் தின்றவள் ஊரில் எப்சிபாள் ஒருத்திதான், அவள் விலக்கு மட்டும் அப்படியே இருந்தது.

இதைக் கேட்டபோது எப்சிபாளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், யாருக்கும் வரும். அடுத்த ஞாயிறு அவள் அடுக்களையில் இல்லை, தன் வீட்டுத் தெருவாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்க கோயிலுக்கு ஒங்க விதி. என் அடுக்களைக்கு என் விதி. கறி தின்னேன், நல்லா இருந்துச்சுன்னு சொல்லுதவிய மட்டும் உள்ள வாங்க.”

ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனோம். தின்றுவிட்டு வயிற்றுப்போக்கில் படுத்துக்கிடந்தவர்கள்கூட, ரொம்ப நல்லா இருந்துச்சு என்று கூசாமல் பொய் சொல்லிக் கோயிலுக்குப் போனார்கள். ஞானசிகாமணி முறை வந்தது.

“நான் தின்னல, எப்சிபா.”

“தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன் அண்ணாச்சி. யாரு பாக்கப் போறா?”

“கோயிலுக்குப் போறதுக்குப் பொய் சொல்லவா?”

அவள் ஒரு கணம் திகைத்துப்போனதை நாங்கள் பார்த்தோம். ஆனாலும் விலகவில்லை. அவர் வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து தெருவில் போட்டு, கறுப்புக் கோட்டோடு வெயிலில் உட்கார்ந்துகொண்டார், அடுக்களை தாண்டி வந்து சேர்கிற பாட்டை அரை வரி பிந்திப் பாடினார், தன் காணிக்கையை வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்துவிட்டார். வாராவாரம் இப்படியே நடந்தது. எப்சிபாளுக்கு அதில் ஒரு சுகம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

“நீயும் கமிட்டி ஆயிட்டியேம்மா,” என்றாள் ரூபி.

“ரெண்டு வருசம் நான் வெளிய நின்னேம்லா? அவிய கொஞ்ச நாள் நிக்கட்டும்.”

கல்யாண நாள் வந்தது. விருந்துக்கு உடன்குடியிலிருந்து சமையல்காரர்கள் வந்து தனியாகப் பந்தல் போட்டிருந்தார்கள், எப்சிபாளின் அடுப்பில் வெந்ததை யாரும் தொடக் கூடாது அல்லவா. ஆனாலும் பெண்ணைப் பெற்றவள் அடுப்பு அன்றைக்கு அணைந்து கிடக்கலாமா என்று, பூசாரி சுடலையாண்டி கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்ட கிடாயில் ஒரு சட்டி எலும்புச் சாறு வைத்திருந்தாள். ஊரும் மாப்பிள்ளை வீட்டாரும் அவள் அடுக்களையைக் கடந்து கோயிலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். கடைசியாக ரூபி வெள்ளைச் சேலையும் கையில் பூவுமாக வந்தவள், வாசல்படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டாள்.

“தெருவுல ஒரு மனுசன வெயில்ல உக்கார வச்சிட்டு நான் தாலி கட்டிக்க மாட்டேம்மா.”

“நான்கூடத்தான் உள்ள வர முடியாது. அதக் கேக்க ஒனக்கு ஆள் இல்ல?”

“அது அவிய விதி, அத நான் மாத்த முடியாது. இது ஒன் விதி. ஒன்னால முடியும்.”

எப்சிபாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். அவருக்கு விட்டுக்கொடுத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், அவர் உள்ளே போய் முன்வரிசையில் உட்காருவார், அவள் அடுப்படியில்தான் நிற்பாள். ஆத்திரம் அடங்காமலேயே போய்த் தெருவாசலைத் திறந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. தின்னாலும் சரி, திங்காட்டாலும் சரி. வாங்க.”

அவர் எழுந்தார், அவள் முகத்தை நேராகப் பார்த்து, “வாரேம்மா,” என்றார், இரண்டு எட்டு வைத்தார், அடுக்களைக்குள் வந்ததும் கண் இருட்டிக் கீழே சாய்ந்துவிட்டார். கோயிலில் கால் வைக்கிற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அதோடு அந்த வெயில். எப்சிபாளுக்கு விதியெல்லாம் ஞாபகம் வரவில்லை, தலையைத் தூக்கி மடியில் வைத்து, பக்கத்தில் எது இருந்ததோ அதைக் கிண்ணத்தில் மொண்டு வாயில் விட்டாள். அவர் குடித்தார், இன்னும் கொஞ்சம் குடித்தார், அப்புறம் கண்ணைத் திறந்தார்.

“இது என்ன ஆடு?”

அப்போதும் அவளுக்குப் பொய் வரவில்லை. “பூசாரி குடுத்தது அண்ணாச்சி. மாடன் முன்னால நிறுத்தி, மஞ்சத்தண்ணி தெளிச்சு வெட்டுனது.”

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். கீழே வைப்பார் என்றுதான் ரூபி நினைத்தாளாம். அவர் மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

“சின்ன வயசுல இருந்து வாசனை மட்டும் புடிச்சிட்டே இருந்திருக்கேன், எப்சிபா,” என்றார். “நல்லாத்தான் இருக்கு.”

ரூபி உள்ளே போனாள். அவர் போகவில்லை. நான் இப்போ விலக்கு என்று சொல்லிவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விதியை ஊருக்கு ஒரு மாதிரி, தனக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்ள அவருக்கு வராது.

ஆராதனை ஆரம்பித்தது. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, ஐயர் அந்த இடத்துக்கு வந்தார். “இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் செய்து கொடுக்கிறது யார்?”

மாப்பிள்ளையின் அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுக்களையில் எப்சிபாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

“சொல்லு,” என்றார் ஞானசிகாமணி. “காலுக்குத்தான் விலக்கு. குரலுக்கு விதியில ஒண்ணும் இல்ல.”

“நான்தான்!” என்று கத்தினாள் எப்சிபாள், கோயிலில் இருந்த எல்லோரும் திரும்பினோம்.

சொன்னால் மட்டும் போதாது, பெண்ணைக் கொடுக்கிறவர் அவள் வலது கையைப் பிடித்து ஐயர் கையில் வைக்க வேண்டும், அதுதான் முறை. ஜோதிராஜ் ஐயர் பீடத்துக்கு முன்னால் வெறுங்கையை நீட்டியபடி நின்றார். கமிட்டியைப் பார்த்தார், கமிட்டி கூரையைப் பார்த்தது. பிறகு என்ன நினைத்தாரோ, நீட்டிய கையை மடக்காமலேயே நடுப்பாதையில் நடந்து வந்தார், பின்னாலேயே ரூபியும் மாப்பிள்ளையும் வந்தார்கள், வாசல்படியைத் தாண்டி அங்கியோடு அடுக்களைக்குள் இறங்கி, ஞானசிகாமணி கையில் இருந்த காலிக் கிண்ணத்தையும் அவர் மீசையில் இருந்த எண்ணெயையும் பார்த்தார்.

“எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கம்மா,” என்றார்.

“ஐயா, அதக் குடிச்சா...” என்று ஞானசிகாமணி ஆரம்பித்தார்.

“தெரியும் அண்ணாச்சி.”

குடித்தார். மாப்பிள்ளையின் அப்பா அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்க எழுந்து வந்தார். எங்கள் ஊரில் ஒரு வரிசை கிளம்பிவிட்டால் முதலில் போய் நின்றுகொள்வோம், எதற்கு என்று அப்புறம் கேட்போம். கிருபைப் பக்கத்து பெஞ்சுகள் காலியாயின, எதிர்ப் பக்கத்துக்காரர்கள் எவ்வளவு நேரம்தான் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களும் வந்தார்கள், பத்தடி அடுக்களையில் ஊர் மொத்தமும் நின்றோம், இடம் இருந்தது, ஒரு சட்டிச் சாறு எல்லோருக்கும் வந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மிளகு சரியாக இருக்கிறது என்று மட்டும் பேசிக்கொண்டோம். கடைசிக் கிண்ணத்தை ரூபியும் மாப்பிள்ளையும் பாதிப் பாதி குடித்தார்கள்.

அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. எல்லோரும் ஞானசிகாமணியைப் பார்த்தோம். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, கமிட்டியில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

“விதிப்படி பாத்தா, இங்க நிக்கிற எல்லாரும் விலக்கு. நான் விலக்கு, ஐயர் விலக்கு, மாப்பிள்ளையும் விலக்கு. விலக்குல உள்ளவங்கள விலக்குல இல்லாத சபையார்தான் கைபிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போணும்.” நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் மட்டும் விழுந்துகிடந்த வெறும் பெஞ்சுகளைப் பார்த்தார். “அப்படி ஒருத்தரும் மிச்சம் இல்ல.”

“அப்ப யாரு அண்ணாச்சி உள்ள போறது?” என்று செல்லையா கேட்டார்.

“யாருக்கும் உரிமை கெடையாது.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுஷன் உள்ளபடியே யோசித்துக்கொண்டிருந்தார், வாழ்நாளில் முதல்முறையாக விதியின் மறுகரைக்குப் போய் நின்று யோசித்தார். “போகக் கூடாதுன்னு சொல்லவும் யாருக்கும் உரிமை கெடையாது.”

எப்சிபாள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டினாள், நடுப்பாதையில் நேராக நடந்தாள், போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் போனோம், எந்தப் பக்கம் யார் பக்கம் என்பதையெல்லாம் மறந்து கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம், ஞானசிகாமணி எல்லோருக்கும் கடைசியாக வந்து, உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்றார். ஐயருக்கு எந்த இடத்தில் விட்டோம் என்று மறந்துபோயிருந்தது. கொஞ்சம் தடுமாறிவிட்டு மறுபடியும் கேட்டார்.

“இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் செய்து கொடுக்கிறது யார்?”

“எத்தன தரம்யா கேப்பிய?” என்றாள் எப்சிபாள், அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான்தான். நான்தான். நான்தான்.”